வெடிப்பும் ஊற்றுக்கண்ணும்: மீரியபெத்தையை முன்வைத்துச் சில சொற்கள்

அறபியில் ஒட்டகத்துக்கு எத்தனை பெயர், வாளுக்கு எத்தனை பெயர் என்று மத்ரஸாவில் சொல்லித் தருவார்கள். பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழில் ஓட்டைக்கு எத்தனை பெயர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஊவாவின் மலைச்சரிவுகளில் குடியிருக்கிறவர்களுக்கு இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. மண்சரிவு என்ற சொல்லை அன்று முழு நாடும் சொன்னது. அந்தச் சொல் முடிவுக்குத்தான் பெயர். முடிவுக்கு முன்னால், பல நேரம் நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும், தரை சின்னச் சின்னதாய்த் திறந்துகொண்டிருக்கும். அந்தத் திறப்புகளுக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. ஒன்றையொன்று கலக்காமல் அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். துளை என்பது வேண்டுமென்று போடுவது. புல்லாங்குழலில் இருப்பது துளை, தோடு போடக் காதில் குத்துவதும் துளை. ஓட்டை என்பது இருக்கக்கூடாத இடத்தில் வந்துவிட்டது. ஓட்டைப் பானை, ஓட்டை வாளி, கூரை ஓட்டை என்று எங்கும் ஒரு குறை அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். ரகசியம் காக்கத் தெரியாதவனை ஓட்டை வாய் என்கிறோம், துளை வாய் என்று யாரும் சொல்வதில்லை. இதற்கு ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு நடுவில் வட்டமாய் வெட்டி வெளியிட்ட செப்புக் காசை மக்கள் ஓட்டைக் காலணா என்றார்கள். அரசாங்கம் வேண்டுமென்று போட்ட துளைதான் அது. காசைக் கையில் வாங்கினவனுக்கு அது குறையாகவே பட்டிருக்கிறது! பொத்தல் துணிக்கும் குடைக்கும் உரியது, நைந்தும் கிழிந்தும் வருவது. தையற்காரர் சட்டையில் பொத்தானுக்கு வெட்டுகிற திறப்பு மட்டும் பொத்தல் ஆகாது, அது காஜா. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. அவர்களுடைய மொழியில் ‘காசா’ என்றால் வீடு, பொத்தான் குடியிருக்கிற வீடு. நம் வீட்டு யன்னலும் அவர்கள் கொடுத்ததுதான். அதற்கு முன்னால் தமிழில் காலதர் என்றொரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

உயிர்கள் குடியிருக்கிற திறப்புகளில் மொழி இன்னும் நுணுக்கமாய் நடந்துகொள்கிறது. எலிக்கும் நண்டுக்கும் வளை. தானே தோண்டிக்கொள்வது, உள்ளே வளைந்து போவது. பறவைக்கும் மரநாய்க்கும் பொந்து. மரத்திலோ பாறையிலோ ஏற்கெனவே இருந்த குடைவில் போய்க் குடியேறுவது. புற்று கறையான் கட்டியது, அதில் பாம்பு வந்து புகுந்துகொள்ளும். யார் உழைத்தது, யார் அனுபவிக்கிறார்கள் என்ற கணக்கு இந்த மூன்று சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வதும் தோண்டினவனுக்கே சொந்தம் என்ற அர்த்தத்தில்தான்.

இந்த இடத்தில் அறபு மொழியை நினைக்காமல் இருக்க முடியாது. யர்பூஃ என்ற பாலைவன எலி தன் வளைக்கு இரண்டு வாசல் வைக்கும். ஒன்று எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும். மற்றது மேலே மெல்லிய மண் மூடி மறைந்திருக்கும். ஆபத்து வந்தால் தலையால் முட்டி அந்த மண்ணை உடைத்துக்கொண்டு ஓடிவிடும். மறைந்த வாசலுக்குப் பெயர் நாஃபிகாஃ. முனாஃபிக் என்ற சொல் அதிலிருந்து வந்தது என்று அகராதி ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வெளியே ஒரு வாசல், உள்ளே ஒரு வாசல் வைத்திருப்பவன். அதே வேரிலிருந்து வரும் நஃபக் என்பது பூமிக்குள் போகும் சுரங்கம். அல்குர்ஆன் இந்த வகைச் சொற்களை ஒன்றோடொன்று குழப்புவதேயில்லை. குகைக்கே கஹ்ஃப், ஃகார் என்று இரண்டு பெயர். அகன்றது கஹ்ஃப். யூஸுஃப் நபியைப் போட்டது ஜுப்பு, அதாவது கல் கட்டாத கிணறு. பாழடைந்து கிடக்கும் ஊர்க் கிணறு பிஃர். அகழி உக்தூத். ஊசியின் திறப்பு ஸம்மு, அதை நாம் ஊசிக்காது என்று மொழிபெயர்க்கிறோம்.

காது என்றதும் இன்னொன்று கவனத்துக்கு வருகிறது. தமிழ் திறப்புகளுக்கு உடம்பிலிருந்தே பெயர் எடுக்கும். ஊசிக்குக் காது, கெண்டிக்கு மூக்கு, கிணற்றுக்கும் குகைக்கும் வாய், வீட்டின் வாய் வாயில், அதுவே வாசல். இவை எல்லாவற்றிலும் அதிகமாய் உழைக்கிறது கண். தேங்காய்க்குக் கண், மதகுக்குக் கண், பாலத்துக்கும் கண். கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதையில் கழுதுருட்டியில் இருப்பது பதின்மூன்று கண் பாலம். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையில் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்க முண்டியடிக்கிற பாலத்தை ஒன்பது வளைவுப் பாலம் என்று எழுதுகிறோம். ஒன்பது கண் பாலம் என்றால் இன்னும் தமிழாக இருக்கும், நாம்தான் சொல்வதில்லை. தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வெளியே வருகிற இடத்துக்கு ஊற்றுக்கண். தண்ணீர் பார்க்கிற இடம் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தச் சொல்லுக்குத் திரும்பி வருவோம்.

இனி தோட்டத்துக்குள் போவோம். மலையகத்தில் திறப்புகளுக்கு உள்ள சொற்கள் வேலைத்தலத்தில் பிறந்தவை. புதுக்கன்று வைப்பதற்குக் குழி வெட்டுவார்கள். கோப்பிக் காலத்திலிருந்தே குழி வெட்டு தனி வேலை, அதற்குத் தனிக் கணக்கு. மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமலிருக்க மலைக்குக் குறுக்கே கான் வெட்டுவார்கள். லயத்து ஆட்கள் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் வருகிற இடம் பீலி. மேலே எங்கோ ஓர் ஊத்து இருக்கும், அதிலிருந்து மூங்கிலிலோ குழாயிலோ இறக்கிக் கொண்டுவருவார்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைக் கடைத்தெருக்களில் தோட்ட சனங்களோடு நாளெல்லாம் பேசிப் பழகிய முஸ்லிம்கள் வாயிலும் இந்தச் சொற்கள் ஏறியிருக்கின்றன. கிழக்கிலிருந்து வந்தவர் ஒருவர் ‘கிடங்கு’ என்றால் இங்கே ஒரு விநாடி யோசிப்பார்கள். அவருக்குக் கிடங்கு என்றால் தோண்டிய குழி. தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகத்தில் அதுவே சாமான் அடுக்கும் இடம். மலையகத்தில் குழி, பள்ளம் என்றால்தான் உடனே விளங்கும். ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு மொழியில் இத்தனை இழுபறி இருக்கும்போது, கொழும்பில் இருந்து மொழிபெயர்த்து அனுப்பும் எச்சரிக்கை யாருடைய தமிழில் இருக்க வேண்டும்?

மண் ஒரு திறப்பைத் தாங்குமா என்ற கேள்வியை நம்முடைய ஃபிக்ஹு நூல்களும் கேட்டிருக்கின்றன. கப்ர் இரண்டு விதம். குழியின் அடியில் கிப்லாப் பக்கச் சுவரைக் குடைந்து மையித்தை வைப்பது லஹ்து. நடுவில் வாய்க்கால் போல் தோண்டி அதற்குள் வைத்துமேலே மூடுவது ஷக்கு. மண் இறுக்கமாய் இருந்தால் லஹ்து சிறப்பு, பொலபொலவென்று உதிரும் மண்ணாக இருந்தால் ஷக்குத்தான் என்பது சட்டம். கப்ர் வெட்டுகிறவர் மண்வெட்டியை இரண்டு தரம் போட்டதும் ‘இது நிக்காத மண்ணு’ என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வதைச் சபையிலுள்ள ஆலிமும் கேட்டுக்கொள்வார். மீரியபெத்தையில் அந்த ஒரு குழிகூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. தேடுதல் நிறுத்தப்பட்டபோது மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல் வெளியே வந்திருக்கவில்லை.

இப்போது முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். வெடிப்பு.

‘சொவரு வெடிச்சிருச்சு’, ‘தரை வெடிச்சிருக்கு’ என்பது லயங்களில் சாதாரணப் பேச்சு. பிரச்சினை எங்கே என்றால், இந்த ஒரு சொல் நாலு விதமான திறப்பைத் தூக்கிச் சுமக்கிறது. வெயிலில் காய்ந்த வயலும் வெடிக்கும். பழைய சுவரின் சாந்தும் வெடிக்கும். குதிகாலும் வெடிக்கும். மலையின் மேல் முனையில் தரை பிரிந்து நிற்பதும் வெடிப்புத்தான். போதாததற்குப் பத்திரிகையில் வெடிப்பு என்றால் குண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதும் விரிசல் நம் மேடைகளில் கட்சிக்குள் வருவது. மூன்று வேளையும் கேட்டுப் பழகிய சொல்லுக்கு யாரும் அதிர்ந்து எழுந்து ஓடமாட்டார்கள்.

ஆனால் திறப்பைக் குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். காய்ந்து வெடித்த மண் வலை பின்னினது போல் எல்லாப் பக்கமும் ஓடும், மழை பெய்தால் மூடிக்கொள்ளும். சரியப் போகிற மலையில் வருவது அப்படி இல்லை. அது மலைக்குக் குறுக்கே, பிறை போல வளைந்து ஓடும். மழை பெய்யப் பெய்ய அகலும். கீழ்ப்பக்கத்துத் தரை மேல்ப்பக்கத்தைவிட ஒரு விரற்கடையாவது தாழ்ந்து, படிக்கட்டு மாதிரி நிற்கும். கீழே உள்ள மண் மேலே உள்ள மலையிலிருந்து கழன்றுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் வழியாக மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். உள்ளே தண்ணீர் நிரம்ப நிரம்ப மண்ணை மண்ணும் பாறையும் பிடித்து வைத்திருக்கும் பிடி தளரும். அதற்குப் பிறகு எந்த மழை என்பதுதான் பாக்கி. என் அபிப்பிராயத்தில் இதை வெடிப்பு என்று எழுதக்கூடாது. சாந்தில் முடிபோல ஓடுவது கீறல். காய்ந்து வருவது வெடிப்பு. இப்படி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பது பிளவு. மூன்று சொல்லும் லயத்து ஆட்களுக்குத் தெரிந்தவைதான், ‘மல பொளந்திருக்கு’ என்றால் விளங்காதவர் யார்? ‘நிலத் தாழிறக்கம்’ என்று எழுதினால்தான் விளங்காது.

இரண்டாவது சொல் ஊற்றுக்கண். பல வருஷமாய் இருந்த ஊத்து திடீரென்று நின்றுபோனால், இல்லாத இடத்தில் புதிதாக ஒரு கண் திறந்தால், பீலித் தண்ணீர் மழை விட்ட பிறகும் கலங்கலாகவே வந்தால், மலைக்குள் தண்ணீர் தன் பாதையை மாற்றிக்கொண்டது என்று பொருள். பீலிக்கரையில் நிற்கிற பெண்களுக்குத்தான் இது முதலில் தெரியும். எந்த அதிகாரிக்கும் அதற்குப் பிறகுதான்.

தண்ணீரின் பாதையை மனிதனும் மாற்றலாம். மீரியபெத்த சரிந்து இரண்டு மாதத்துக்குள், அதே ஊவாவில், பண்டாரவளைப் பகுதியில் அது நடந்தது. உமா ஓயாத் திட்டத்துக்காகப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். சுரங்கம் என்ற சொல்லே கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வடமொழி வழியாக வந்தது என்று சொல்லாய்வாளர்கள் கூறுகிறார்கள். புல்லாங்குழல் துளையும் மலைத்துளையும் அந்தச் சொல்லில் ஒன்றாகி நிற்கின்றன. தெமோதரையில் புகையிரதம் தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது, நூறு வருஷமாய் ஒரு குறையும் இல்லை. உமா ஓயாச் சுரங்கம் 2014 டிசம்பரில் நிலத்தடித் தண்ணீரை வெட்டிவிட்டது. தண்ணீர் சுரங்கத்துக்குள் கொட்டியது. மேலே ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊத்துகள் நின்றன, வீடுகள் வெடித்தன. 2017இலும் அப்படி ஆனது, பண்டாரவளையில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். 120 மெகாவொற் மின்சாரம் தரும் அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. பூமிக்குள் போட்ட ஒரு துளை மேலே இருந்த நூறு கண்களை மூடிய கதை இது. கிணறு, ஊற்று, சுரங்கம் எல்லாம் ‘பூமியில் உள்ள திறப்பு’ என்று ஒரே தலைப்பில் எழுதுகிறவருக்கு இந்தக் கதை விளங்காது. ஒன்று தண்ணீரை வைத்திருக்கிறது, ஒன்று விடுகிறது, ஒன்று குடித்துவிடுகிறது.

மூன்றாவது அடையாளம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நேற்றுவரை சாத்திய கதவு இன்றைக்குச் சாத்த முடியவில்லை, யன்னல் கதவு நிலையில் இறுகி நிற்கிறது என்றால் மரம் மழையில் ஊறிவிட்டது என்றுதான் முதலில் நினைப்போம். அநேகமாய் அது சரியாகவும் இருக்கும். வெயில் காய்ந்த பிறகும் அப்படியே இருந்தால், சதுரமாய் இருந்த வாசல் கோணிவிட்டது. வீடு நிற்கிற தரை நகர்கிறது. வெளியே மின்கம்பமும் மரமும் சாய்ந்திருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இப்படி: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருங்கள், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள், 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலோ வெளியேறுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. மழைமானி லயத்தில் இருக்காது, பிளவு இருக்கும். அதன் இரு கரையிலும் இரண்டு முளைக்குச்சி அடித்து, நடுவிலுள்ள தூரத்தைக் கயிற்றால் அளந்து, காலையும் மாலையும் பார்த்தால் மலை நிற்கிறதா நடக்கிறதா என்று ஒரு பள்ளிப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். மழைக்கு முன் பிளவைக் களிமண்ணால் அடைத்து மேலே தாள் விரித்துவிடுவது தண்ணீரை ஓரளவு தடுக்கும். அகன்றுகொண்டே போகிற பிளவுக்கு இந்த வைத்தியமெல்லாம் போதாது, இறங்கிவிட வேண்டியதுதான்.

எங்கே இறங்குவது? சொற்களைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், கீழே உள்ள மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். 2005இல் ‘போங்கள்’ என்று சொன்னபோது போவதற்கு ஒரு பேர்ச் காணிகூட அவர்கள் பெயரில் இருக்கவில்லை. மீரியபெத்தையில் மிஞ்சினவர்களுக்குப் பூணாகலைப் பக்கம் வீடு கட்டிக் கொடுத்து முடிய இரண்டு வருஷம் ஆனது. எலிக்குக்கூடத் தனி வளை என்று பழமொழி வைத்திருக்கிற மொழியில், சொந்தமாய் ஒரு வளை இல்லாமல் ஒரு சமூகம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

துளையால் மலையைக் காப்பாற்றுவதும் நடக்கிறது. வட்டவளையில் புகையிரதப் பாதையைத் தள்ளிக்கொண்டிருந்த சரிவை அடக்க, மலைக்குள் நீள நீளமாய்த் துளை இறக்கி உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே வடித்தார்கள். மலைநாட்டில் வீட்டுக்குப் பின்னால் கட்டுகிற அணைச்சுவரில் வரிசையாகக் குழாய்த் துளை விடுவதும் அதே காரணத்துக்காகத்தான். இதைச் சொல்வதற்குக் காரணம், நம் ஊர்களில் பலரும் அந்தத் துளைகளைச் சீமெந்து வைத்து அடைத்துவிடுகிறார்கள். முற்றத்தில் சேறு வடிகிறதாம், பூரான் வருகிறதாம், சுவர் அசிங்கமாய் இருக்கிறதாம். அவர்களுடைய கண்ணுக்கு அது ஓட்டை. அடைத்த பிறகு சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஏறும், சுவர் வயிறு தள்ளும். ஒரு பெருமழையில் சுவரும் வீடும் சேர்ந்து போகும். அடைத்தவர்கள் மழைக்கு முன் ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறந்துவிடட்டும். தண்ணீர் தெளிவாய் வடிந்தால் நல்லது. மண் கலந்து வந்தால் பிரதேச செயலகத்துக்குச் சொல்ல வேண்டும். நல்ல மழையிலும் ஒரு சொட்டு வராமல் நின்றால், தண்ணீர் வேறு எங்கே கண் திறந்திருக்கிறது என்று சுவரின் அடியிலும் பின்னாலுள்ள மேட்டிலும் போய்ப் பார்க்க வேண்டும்.